மைக் ஊமையாதல்: திருப்பூர் மெர்ச்சண்டைசர் மேசையை முன்வைத்து ஓர் ஆய்வு

திருப்பூரைப் பற்றி எழுதப்படாத விஷயம் குறைவு. நொய்யல் ஆறு நிறம் மாறியதை எழுதியிருக்கிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை எழுதியிருக்கிறார்கள். நூல் விலை ஏறினாலும் எழுதுகிறார்கள், இறங்கினாலும் எழுதுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது வந்த கட்டுரைகளை அடுக்கினால் ஒரு கண்டெய்னர் நிரம்பும். ஆனால் அந்த வரியில் யாருக்கு எத்தனை பங்கு என்று வெளிநாட்டிலிருந்து வாங்கும் பையரிடம் பேச உட்கார்ந்த, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் மைக், "சார், வி கேன்னாட்" என்பது வரை வேலை செய்துவிட்டு அதற்கடுத்த சொல்லில் ஏன் நின்றது என்பதை ஆராய அறிஞர் எவரும் முன்வரவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

ஆய்வு எல்லை வருமாறு: வடக்கே பெருமாநல்லூர், தெற்கே பல்லடம், மேற்கே மங்கலம், கிழக்கே வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி. கருவி எல்லை: மேசைக் கம்ப்யூட்டரில் செருகும் ஹெட்செட்டும் அதிலிருந்து வாய்க்கு எதிரே நீளும் மைக்கும். லேப்டாப் சேர்க்கப்படவில்லை. அது முதலாளியின் மகன் வைத்திருப்பது. பழுதானால் அன்றைக்கே மாற்றிவிடுவார், ஆராய்வதற்கு நமக்கு அவகாசம் தரமாட்டார்.

ஊமை மூவகைப்படும். முழு ஊமை, ஒன்றுமே கேட்காதது. இதில் சிக்கலில்லை, தூக்கிப் போட்டுவிடலாம். அரை ஊமை, கேட்கும், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். மூன்றாவது, ஆள் பார்த்து ஊமை. ஹார்டுவேர் தம்பி வந்து உட்கார்ந்து "ஹலோ, மைக் டெஸ்ட்" என்றால் கணீரென்று பேசும். அவர் கீழே போய் வண்டியை உதைக்கும் சத்தம் வந்ததும் நின்றுவிடும். இம்மூன்றாம் வகையே நம் ஆய்வின் நாயகன்.

வரலாற்றுப் பின்புலம்

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இந்த ஊருக்கு வந்தார் என்பது ஏற்றுமதி வரலாற்றின் முதல் பக்கம். அவர் நேரில் வந்தார். எதிரே உட்கார்ந்தவரின் குரல் அவருக்குக் கேட்டது. கேட்காவிட்டால் விரலை மடக்கிக் காட்டி விலை பேசியிருக்கலாம். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கிய காலத்தில் பேக்ஸ் இருந்தது. அதன் பழுதுகள் தனி ஆய்வுக்குரியவை. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. பையர்கள் திரைக்குள் போனவர்கள், பாதிப் பேர் இன்னும் வெளியே வரவில்லை. ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. ஐரோப்பா முதல் காபியோடு உட்காரும் நேரமும் திருப்பூர் சாப்பாட்டு டப்பா திறக்கும் நேரமும் ஒன்றாகிப்போனது. ஹெட்செட் மைக்கின் ஸ்பாஞ்ச் மீது காணப்படும் ரசத்துளிகளுக்கு இதுவே காரணம் எனத் துணியலாம்.

இலக்கணப் பின்புலம்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றொரு பகுதி உண்டு. உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி எழுத்தாகிறது என்று எட்டு இடங்களை எண்ணி வைத்துவிட்டுப் போனார் தொல்காப்பியர். இதழைத் தாண்டியபின் ஒலிக்கு அவர் பொறுப்பில்லை. அங்கேரிபாளையம் ரோட்டில் பிறந்த ஓர் எழுத்து ஹாம்பர்க் போய்ச் சேர வேண்டுமானால் ஸ்பாஞ்ச், கேப்ஸ்யூல், ஒயர், ஒயரில் தொங்கும் சுவிட்ச், பின், சிபியூவின் ஓட்டை, சவுண்ட் சிப், டிரைவர், விண்டோஸின் அனுமதி, ஜூமின் அனுமதி என்று மேலும் பத்து இடங்களைக் கடக்க வேண்டும். ஆக மொத்தம் பதினெட்டு. முதல் எட்டில் கோளாறு என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர், பின் பத்தில் கோளாறு என்றால் ஹார்டுவேர் தம்பி. இருவரும் டார்ச் அடித்துத்தான் பார்க்கிறார்கள் என்பது ஒப்பிலக்கண ஆர்வலர் கவனத்துக்குரியது.

இப்பத்தில் கேப்ஸ்யூல் மட்டும் கொஞ்சம் விளக்கம் வேண்டுவது. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தங்கவைத்து ஒரு மைக் செய்தார்கள். எலக்ட்ரெட் என்று பெயர். மலிவு ஹெட்செட்டின் நுனியில் பட்டாணி அளவில் இருப்பது அதன் வழித்தோன்றல். 2020இல் ஊரே பனியனை நிறுத்திவிட்டு மாஸ்க் தைத்தபோது, என்95 மாஸ்க்கின் நடு அடுக்கில் தூசை இழுத்துப் பிடித்ததும் இதே போல் மின்னூட்டம் தங்கிய இழைதான். பேச்சு தாளை அசைக்கிறது. அந்த அசைவு சில மில்லிவோல்ட்டாகிறது. அதை ஒயரில் ஏற்றி விடுவதற்கு உள்ளே ஒரு குட்டி டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஓரிரு வோல்ட்டை கம்ப்யூட்டரே மைக்கைச் செருகும் பிங்க் ஓட்டை வழியாக அனுப்பிவைக்கிறது. அதாவது பேட்டா கைக்கு வந்தபிறகுதான் மைக் வாயைத் திறக்கும். காதில் மாட்டும் ஸ்பீக்கர் இப்படிப் பேட்டா கேட்பதில்லை. "எனக்கு நீங்க பேசறது நல்லா கேக்குதுங்க, நான் பேசறதுதான் உங்களுக்குக் கேக்கமாட்டீங்குது" என்ற, இவ்வட்டாரத்தில் அதிகம் உச்சரிக்கப்படும் வாக்கியத்தின் இயற்பியல் அடிப்படை இதுவே.

முன்னோர் மரபுகள்

பழுது நீக்கத்தில் இங்கே நான்கு மரபுகள் வழங்குகின்றன. தொன்மையானதும் பெரும்பான்மையோர் பின்பற்றுவதும் ரீஸ்டார்ட் மரபு. இதை எள்ளி நகையாடுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். ஒரு மென்பொருள் மைக்கைத் தனக்கே என்று பிடித்து வைத்துக்கொண்டு விடாமலிருப்பது விண்டோஸில் நடப்பதுதான், ரீஸ்டார்ட் செய்தால் பிடி விடும். அடுத்தது ஊதல் மரபு. பின்னை உருவி, ஓட்டைக்குள் உஃப் என்று ஊதி, மறுபடி செருகுவது. காற்றோடு எச்சில் ஈரமும் உள்ளே போகும், தாமிரத்துக்கு ஆகாது.

மூன்றாவதான திருகல் மரபுதான் இந்த ஊரின் கைத்திறனுக்குச் சான்று. பின்னைக் கொஞ்சம் திருப்பினால் கேட்கும், விட்டால் நிற்கும். ஆகவே கேட்கும் கோணத்திலேயே நிறுத்த வேண்டும். ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் நான் கண்ட ஏற்பாடு: ஆர்டரில் மிஞ்சிய அரை இஞ்ச் எலாஸ்டிக்கால் ஒயரை மேசைக் காலோடு இழுத்துக் கட்டி, பின்னுக்கும் சிபியூவுக்கும் நடுவே ஒரு ஹேங் டேக்கை நான்காக மடித்து அண்டை கொடுத்திருந்தார்கள். ஹேங் டேக்கில் ஆர்கானிக் காட்டன் என்று அச்சிட்டிருந்தது. மைக் வேலை செய்தது. யாரும் இருமக்கூடாது, அவ்வளவுதான்.

நான்காவது, புதுசு வாங்கும் மரபு. இதன் தொல்லெச்சங்களை ஸ்டோர்ஸ் அலமாரியின் கீழ்த்தட்டில் காணலாம்: ஒயர் சுற்றிய, செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஹெட்செட்டுகள். அவற்றை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் பல உயிரோடு இருக்கும். இந்த இடத்தில்தான் ஆய்வு சூடு பிடிக்கிறது. மைக் சாகவில்லை என்றால் செத்தது எது?

பஞ்சு

வேறு ஊர்களில் ஹெட்செட் ஆய்வு செய்தவர்கள் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்க வாய்ப்பில்லை. நிட்டிங் மெஷின் ஓடினால் பஞ்சு பறக்கும்; மெஷின் மேலேயே மின்விசிறி வைத்து அதை விரட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டிங்கில் பறக்கும். ப்ளீஸ் துணியை ரைசிங்குக்கு விட்டால், ரோமம் எழுப்புவதற்காகவே கம்பிப் பல் உருளைகள் துணியைச் சீவுவதால், சொல்லவே வேண்டாம். ஆபீஸ் மாடியில்தானே இருக்கிறது என்பார்கள். பஞ்சுக்குப் படி ஏறத் தெரியும். சாம்பிளைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிறவரே அதற்கு வாகனம். சிபியூவுக்குள் சுழலும் விசிறி வெளிக் காற்றை உள்ளே இழுக்கிறது. முகப்பு ஓட்டைகள் திறந்தே கிடக்கின்றன.

டார்ச் அடித்துப் பிங்க் ஓட்டைக்குள் பார்த்திருக்கிறீர்களா? அடியில் ஒரு மெத்தை தெரியும். பின்னைச் செருகும்போதெல்லாம் பஞ்சு உள்ளே தள்ளப்பட்டு இறுகி இறுகி ஒரு தட்டாகிவிடுகிறது. இதே நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், தொல்லியலாளர்கள் மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்து மணிகளையும் இரும்பையும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் எடுத்தார்கள். அம்முறையை இங்கே பல் குத்தும் குச்சியால் பின்பற்றினேன். மேலடுக்கில் நேவி. அதன் கீழ் கிரே மெலாஞ்ச், ஓரளவு தடிப்பாக. அந்த ஆர்டர் பெரிய ஆர்டர் என்று அக்கவுண்ட்ஸ் அக்கா உறுதிப்படுத்தினார். அடியில் நல்ல சிவப்பு, கிறிஸ்துமஸ் சரக்கு. சிவப்புக்கும் கிரேவுக்கும் நடுவே நிறமில்லாத மெல்லிய கோடு ஒன்று இருந்தது. ஆர்டர் இல்லாத மாதங்களாக இருக்கலாம். அக்காவிடம் இதைக் கேட்கத் துணியவில்லை.

நகைச்சுவை ஒருபுறமிருக்க, நடப்பது இதுதான். பின்னில் உள்ள ஒவ்வொரு வளையத்துக்கும் உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங் தகடு காத்திருக்கும். பஞ்சுத் தட்டு பின்னை ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்திவிட்டால் தகடு வளையத்தில் படாமல் இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள கறுப்பு பிளாஸ்டிக்கில் போய் உட்காரும். கொஞ்சம் திருகினால் ஓரம் படும், ஒயர் ஆடினால் விடும். ஆள் பார்த்து ஊமையாகும் வகையின் மூலம் இந்த ஒரு மில்லிமீட்டர். ஹார்டுவேர் தம்பி வந்தால் சரியாவதற்குத் தெய்வச் செயல் காரணமல்ல, அவர் வந்தவுடன் பின்னை உருவி அழுத்திச் செருகுகிறார்.

சுத்தம் செய்வதிலும் உள்ளூர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். மெஷினுக்குப் பஞ்சு அடிக்கும் ஏர் கன் கையருகே இருக்கிறதே என்று அதை ஓட்டைக்குள் பிடிப்பார்கள். கம்ப்ரஸர் காற்றில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வரும், பஞ்சும் மேலும் உள்ளே போய் அடையும். தையல் மெஷின் ஊசியால் குத்தி எடுப்போர் ஸ்பிரிங் தகட்டையும் சேர்த்து வளைத்துவிடுகிறார்கள். சிஸ்டத்தை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்லச் சுழற்றி எடுப்பதே முறை. ஸ்பாட் கிளீனிங் கன்னால் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்ட சான்றோருக்குப் பதில்: வேண்டாமுங்க, அந்தத் திரவம் பிளாஸ்டிக்கையும் கறை என்றே எண்ணும்.

பின், ஓட்டை, எர்த்

மைக்குக்குப் பிங்க், ஸ்பீக்கருக்குப் பச்சை என்ற நிறப்பங்கீடு மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் வகுத்த பிசி 99 விதிகளில் வந்தது. நிறத்துக்கு லேப் டிப் போட்டு, லைட் பாக்ஸில் வைத்து, டி65 வெளிச்சத்தில் அப்ரூவல் வாங்கும் ஊரில் பிங்க் பின்னைப் பச்சை ஓட்டையில் செருகுகிறார்கள் என்பதை வெளியூர் ஆய்வாளர்கள் நம்பமாட்டார்கள். சிபியூவின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருட்டில் இருக்கிறது என்பது பிரதிவாதிகள் தரப்பு.

முன்பக்க ஓட்டையோ வேறு ரகம். அசெம்பிள் செய்தவர் உள்ளே அதன் ஒயரை மதர்போர்டில் மாட்ட மறந்திருந்தால் அது வெறும் அலங்காரம்தான். பல வருடங்களாக அதில் செருகிப் பேசிவந்த ஒருவருக்கு அதைச் சொல்வதற்கு மனத்திடம் வேண்டும்.

ஒற்றைப் பின்னோடு வரும் செல்போன் ஹெட்செட்டைக் கொண்டுவந்து மாட்டுவது மற்றொரு பெருங்குழப்பம். அந்தப் பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள், நான்கு பகுதிகள். கடைசி இரண்டில் எது மைக், எது கிரவுண்ட் என்பதில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரு சமயங்கள் இருந்து, ஒன்றுக்கொன்று நேரெதிராகப் போதித்தன. ஒன்றின் ஹெட்செட்டை மற்றதன் ஓட்டையில் செருகினால் பாட்டில் இசை கேட்கும், பாடுகிறவர் காணாமல் போவார். ஒயரில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால் திரும்பி வருவார். சிடிஐஏ வென்றுவிட்டது. ஆனால் மேசைக் கம்ப்யூட்டரின் இரட்டை ஓட்டைகள் இரு சமயத்துக்கும் வெளியே நிற்பவை. அங்கே ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் வேண்டும்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. சிபியூவின் தகரத்தைத் தொட்டால் சுர்ரென்கிறதா? அப்படியானால் பிளக்கின் மூன்றாவது கால் சும்மா நிற்கிறது. எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி, வெளித்தகரத்தை வீட்டு மின்சாரத்தின் பாதி வோல்டேஜ் அளவுக்குத் தூக்கி நிறுத்திவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சில மில்லிவோல்ட்டில் பிழைப்பு நடத்தும் மைக் அப்படி விடுவதில்லை. பையர் காதில் ஓயாமல் ஒரு ம்ம்ம்ம் கேட்கும். சாயப்பட்டறை பாய்லரா என்று விசாரித்தவர்கள் உண்டு. சொந்தமாகச் சவுண்ட் சிப் வைத்திருக்கும் யூஎஸ்பி ஹெட்செட்டுக்கு மாறினால் ஓட்டை, பஞ்சு, பேட்டா, ம்ம்ம் ஆகியவற்றில் பெரும்பகுதி ஒரே நாளில் தீரும். கொட்டேஷன் மூன்று வாங்கிவிட்டார்கள், கையெழுத்துதான் பாக்கி.

ஊமைக் கணிதம்

ம்யூட் ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒயரில் தொங்கும் சுவிட்சில் ஒன்று, விண்டோஸில் ஒன்று, ஜூமில் ஒன்று. ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது. மூன்றும் திறந்திருந்தால்தான் குரல் போகும். ஒவ்வொன்றுக்கும் இரு நிலை என்றால் மொத்தம் எட்டு நிலைகள், அதில் ஏழு ஊமை. பதற்றத்தில் ஒருவர் மூன்றையும் ஒருமுறை மாற்றிவிட்டால் எங்கே நின்றோம் என்று கண்டுபிடிக்கவே மீட்டிங் முடிந்துவிடும். விண்டோஸ் 10 முதல் தனியுரிமை என்ற பெயரில் இன்னொரு கதவும் வந்திருக்கிறது. மைக்கைத் தொட எந்த மென்பொருளுக்கு அனுமதி என்று அங்கே வேறு கேட்கும். அதையும் சேர்த்தால் பதினாறு, பதினைந்து ஊமை.

இதைவிட நுட்பமான ஒன்று, தவறான மைக்கில் பேசுவது. திரைமேல் மாட்டிய வெப்கேமிலும் ஒரு மைக் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைத் தேர்ந்துகொண்டிருந்தால் வாயருகே உள்ள மைக்கில் எத்தனை கத்தினாலும் குரல் தூரத்திலிருந்து, மின்விசிறிச் சத்தத்தோடு போய்ச் சேரும். அரை ஊமைகளில் கணிசமானவை இவ்வகை. சோதிக்கச் செலவில்லை: செட்டிங்ஸில் மைக் அளவுப் பட்டையைத் திறந்துவைத்து, ஹெட்செட் ஸ்பாஞ்சை நகத்தால் சுரண்டுங்கள். பட்டை அசையாமல், வெப்கேமைச் சுரண்டும்போது குதித்தால் விஷயம் முடிந்தது.

முறையியல்

இத்தனையும் இந்த ஊருக்குத் தெரியாத வித்தையல்ல என்பதே இவ்வாய்வின் மையக் கருத்து. 30 இஞ்ச் டயா, 24 கேஜ் நிட்டிங் மெஷினில் 2,200க்கு மேல் ஊசிகள். துணியில் ஒரு கோடு விழுந்தால் செக்கிங்கில் நிற்கும் அக்கா ரோலை விரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்: நெடுக ஓடினால் ஊசி, குறுக்கே பட்டையாக வந்தால் நூல். குற்றம் எதோடு சேர்ந்து பயணிக்கிறது என்று பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கும் இந்த அறிவு, மாடிப்படி ஏறி ஆபீசுக்குள் வந்ததும் எங்கே போகிறது? அங்கே ஹெட்செட்டை மேசையில் தட்டுகிறார்கள்.

அக்காவின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சந்தேகத்துக்குரிய ஹெட்செட்டைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் செருகு. ஊமை கூடவே போனால் ஹெட்செட்டின் குற்றம். போகவில்லை என்றால் இந்தக் கம்ப்யூட்டரின் குற்றம். இங்கேதான் என்றால் முன் ஓட்டையிலிருந்து பின் ஓட்டைக்கு மாற்று. அதிலும் ஊமை என்றால் ஜூமை மூடிவிட்டு விண்டோஸின் சவுண்ட் ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்து கேள். அதில் கேட்டால் ஜூமின் குற்றம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனால் நடப்பது என்னவென்றால், பின்னை உருவிக்கொண்டே ஒருவர் ரீஸ்டார்ட் கொடுக்கிறார், இன்னொருவர் டிரைவரை அழிக்கிறார், மூன்றாமவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். சரியாகிவிட்டால் மூவரும் உரிமை கோருகிறார்கள்.

எதிர்க் கருதுகோள்

மைக் பழுதாவதே இல்லை, டிஸ்கவுண்ட், ஏர் ஷிப்மெண்ட் என்ற சொற்கள் எழும்போது அது தானாக அடங்கிவிடுகிறது என்றொரு வாதம் முதலாளிகள் வட்டாரத்தில் உலவுகிறது. சரக்கு தாமதமாகி விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும் என்பதால் இவ்வாதத்துக்கு நியாயமுண்டு. ஆனால் சதி தேவையில்லை. கெட்ட செய்தி சொல்லும்போது எவருக்கும் குரல் தாழ்கிறது. தாழ்ந்த குரலைப் பக்கத்துச் சாம்பிள் ரூமில் ஓடும் ஓவர்லாக்கோடு சேர்த்து இரைச்சல் என்று முடிவுகட்டி ஜூம் வெட்டிவிடும். "வி கேன்னாட்" என்பது கேட்டு, அதற்குப் பிறகு வந்தது கேட்காமல் போனது இதனால்தான். செட்டிங்ஸில் இரைச்சல் நீக்கத்தைக் குறைந்த அளவில் வைக்கலாம். அல்லது கெட்ட செய்தியையும் உரக்கச் சொல்லப் பழகலாம். முன்னது எளிது.

ஆய்வு எல்லையின் தென்கோடியை மட்டும் இன்னும் தொடவில்லை. பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தால் எந்த மைக்காலும் ஒன்றும் ஆகாது. அங்கே கையசைவிலும் உதட்டசைவிலும்தான் பேச்சு. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிலும் தறிப் பெண்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் வாயசைத்து ஊர்க்கதை பேசினார்கள். தறிக்காரர்கள் பையரோடு வீடியோ காலில் உட்கார்ந்தால் மைக் வேண்டாம், கேமரா தெளிவாக இருந்தால் போதும். இதைச் சோதிக்க ஒரு தறிக்குடோனில் ஏற்பாடு செய்தோம். கேமரா லென்ஸ் மேல் பஞ்சு.